சிப்புக்கு வைத்த பொட்டு

1

முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் வாயால் கேட்டுவிட்டு வந்து இதைப் படிப்பவர்களிடம் எனக்கு எந்த மரியாதையும் மிஞ்சாது. ஓடாத மெஷினை ஓட வைப்பவன் என்று பெயர் எடுக்கத்தான் நாற்பத்தேழு வயதில் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாம் வருடம், சும்மா இருக்க வேண்டிய ஒரு மெஷினைத் தானாக ஓட வைத்துக் காட்டினேன். அதுவும் பரீட்சையில். அதுவும் ஆயுத பூஜை அன்று. அதுவும் பூஜை போட்டே.

நான் மட்டும் கவிழ்ந்திருந்தால் பழகிப்போன விஷயம் என்று விட்டிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவையும் சேர்த்துக் கவிழ்க்கப் பார்த்தேன். இந்த வருடம் ஆயுத பூஜை வருகிறது, அண்ணன் போன வாரமே போன் போட்டு "டேய், இந்த வாட்டி எதுக்குடா பூஜ போடப்போற?" என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தார். அதனால்தான் நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

2

மரக்காணத்தில் எங்கள் குடும்பத்துக்குக் குத்தகைக்கு எடுத்த கொஞ்சம் உப்புப் பாத்திகள் உண்டு. அண்ணன் ஏழுமலை இன்றும் அதைத்தான் பார்க்கிறார். நான் அதில் செய்த வேலை என்று பார்த்தால் இரண்டுதான்: மோட்டார் போடச் சொன்னால் போடுவது, நிறுத்தச் சொன்னால் மறந்துவிடுவது. ஒருமுறை அப்படி மறந்ததில், மறுநாள் காலை வார வேண்டிய உப்பு பாதி தண்ணீரில் கரைந்துவிட்டது. அன்றைக்கே அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "டேய், நீ எங்கனா தூரமா போயி முன்னேறுடா. ரொம்ப தூரமா."

ஓஹையோ மாநிலம் போதுமான தூரம். என் மனைவி மலர் நர்ஸ். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. விசா காகிதத்தில் அவள் பெயருக்கு நேரே அவள் தொழில் இருந்தது. என் பெயருக்கு நேரே, அவளைச் சார்ந்திருப்பவர் என்று இருந்தது. ஒரு அரசாங்கம் என்னை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

வந்து சில வருடங்கள் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன். ஒருநாள் லேபிள் அடிக்கிற பிரிண்டர் நின்றுபோனது. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் போய் அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். ஓடியது. சூப்பர்வைசர் முதுகில் தட்டி, "நீ இன்ஜினியரா?" என்று கேட்டார். அவர் கிண்டலுக்குக் கேட்டிருக்கலாம். நான் வீட்டுக்கு வந்து மலரிடம் கல்லூரியில் சேரப்போகிறேன் என்றேன்.

"எந்த காலேஜ்?"

"கம்யூனிட்டி காலேஜ். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் டெக்னாலஜி."

மலர் யூனிஃபார்மை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம வீட்டு வாஷிங் மெஷின் மூணு மாசமா சத்தம் போடுது. அத்த சரிபண்ணிட்டு சேருங்க."

வாஷிங் மெஷின் இன்னும் சத்தம் போடுகிறது. நான் சேர்ந்துவிட்டேன்.

கம்யூனிட்டி காலேஜ் என்பது இங்கே அந்தந்த ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று வைத்திருக்கிற கல்லூரி. வயது கேட்க மாட்டார்கள். நம் ஊர் பாலிடெக்னிக்கோடு மாலைநேரக் கல்லூரியைக் கலந்து, வாசலில் டீக்கடை இல்லாமல் செய்தால் அதுதான். நான் எடுத்த படிப்பு, இன்ஜினியருக்கு ஒரு படி கீழே, மெக்கானிக்குக்கு ஒரு படி மேலே. மெஷினுக்கு மூளையாக இருக்கிற சிப், அதைச் சுற்றிய ஒயர், அதற்கு எழுதுகிற புரோகிராம், எல்லாவற்றையும் கையால் தொட்டே படிக்க வேண்டும்.

சேர்வதற்குப் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழின் நகல் வேண்டும், அதுவும் பள்ளிக்கூடமே முத்திரை வைத்து ஒட்டிய உறையில் வரவேண்டும் என்றார்கள். அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். இங்கே கேட்டது ஒரு முத்திரை. நம் ஊரில் ஒரு முத்திரை வைத்தால் கஞ்சத்தனம் என்று நினைத்தார்களோ என்னவோ, உறையில் மூன்று, நகலில் நான்கு என்று ஊதா மையில் குத்தி அனுப்பினார்கள். அதில் ஒரு முத்திரை, மொத்த மதிப்பெண் இருநூறு என்று அச்சிட்ட இடத்தில் நேராக விழுந்து அதை மூடிவிட்டது. நான் கணக்கில் வாங்கியது எழுபத்தெட்டு. சேர்க்கை அலுவலகத்து அம்மாள் அதைப் பார்த்துத் தலையாட்டி, "கணக்கு நன்றாகவே வந்திருக்கிறதே" என்று எழுதிக்கொண்டார். திருத்தலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த நாட்டு நிர்வாகத்தில் தலையிடக் கூடாது என்று விட்டுவிட்டேன். அந்த எழுபத்தெட்டுக்கு உண்டான பலனை முதல் செமஸ்டரிலேயே அனுபவித்தேன்.

இன்னொரு தொல்லை, கரண்ட். நம் ஊரில் மின்சாரத்தோடு சம்பந்தப்பட்ட எல்லாமே கரண்ட்தான். கரண்ட் போச்சு, கரண்ட் வந்துச்சு, கரண்ட் அடிச்சிடும். இங்கே ஆய்வகத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். அதற்கு அளவு உண்டு, அலகு உண்டு. முதல் வாரம் என் மேஜையில் பிளக் கழன்றுபோனது. நான் கையைத் தூக்கி, "சார், கரண்ட் போய்விட்டது" என்றேன். ஆசிரியர் ஹார்லன் என் அருகே வந்து, மீட்டரை நீட்டி, மெதுவாகக் கேட்டார்: "எந்த வழியாகப் போனது?"

3

ஹார்லனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கப்பலில் எலெக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்கு இத்தனை சொல்தான் பேசுவது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாதிரி பேசுவார். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அவருடைய ஆய்வகப் பாடத்தில் முதல் வருடம் ஒருமுறை நான் தோற்றேன். எண் காட்டுகிற சின்ன டிஸ்பிளேயைத் தலைகீழாகச் செருகிவிட்டு, ஒன்பதுக்கு ஆறு காட்டுகிறதே என்று அவர் கேட்டபோது, "நீங்கள் கோணலாக நின்று பார்க்கிறீர்கள்" என்று வாதாடினேன். அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நேராக நின்று பார்த்தார். அப்போதும் ஆறுதான். தோற்றவர்கள் இன்னொரு முறை எடுக்கலாம். இரண்டாம் முறையும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியே. அதாவது, மறுபடி லேபிள்.

இரண்டாம் முறை எனக்கு ஜோடியாக வந்தவர் மார்லீன். ஆய்வகத்தில் இரண்டு பேர் சேர்ந்துதான் எதையும் செய்ய வேண்டும், மதிப்பெண்ணும் இருவருக்கும் ஒன்றுதான். மார்லீனுக்கு அறுபதுக்கு மேல். வாழ்நாளில் பாதியைப் பள்ளிக்கூட பஸ் ஓட்டியே கழித்தவர். முழங்கால் போனபிறகு இறங்கிவிட்டார். பஸ் டிப்போவில் இப்போது பஸ்களுக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டிகளைப் பழுது பார்க்க ஆள் தேவைப்படுகிறது, இந்தச் சான்றிதழோடு வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் படிக்க வந்தார். வருடத்துக்கு ஒருமுறைதான் ஆள் எடுப்பார்கள்.

மார்லீன் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் அவருடைய தொனி என் காதில் எப்படியோ மரக்காணத்து பஸ் ஸ்டாண்டு ஆங்கிலமாக விழுந்து, அப்படியே தமிழாகிவிடும். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "ஏம்பா, நீதான் டிஸ்பிளேய தலகீழா சொருகினவனா?"

"ஆமாங்க."

"நல்லதா போச்சி. இந்த வாட்டி டிஸ்பிளேய நான் சொருகறேன்."

பெயரைக் கேட்டார். தணிகாசலம் என்றேன். "அவ்ளோ தூரம் நான் வர முடியாது. தணி" என்று அங்கேயே வெட்டிவிட்டார்.

செமஸ்டர் பாதியில் வரும் பரீட்சைக்கு நாங்கள் செய்ய வேண்டியது ஒரு எண்ணி. பொத்தானை ஒரு முறை அழுத்தினால் டிஸ்பிளேயில் எண் ஒன்று கூட வேண்டும். பத்து முறை அழுத்தினால் பத்து. அவ்வளவுதான். கேட்கச் சின்னதாக இருக்கும். ஈயம் உருக்கி ஒட்டுகிற வேலை கிடையாது, ஓட்டை ஓட்டையாக இருக்கிற ஒரு வெள்ளை போர்டில் சிப்பையும் ஒயர்களையும் செருகி வைப்போம். பொத்தானும் டிஸ்பிளேயும் மார்லீன் பொறுப்பு. நடுவில் எண்ணுகிற சிப்பும் அதைச் சுற்றிய ஒயர்களும் என் பொறுப்பு. பரீட்சைக்கு முந்தின நாள் மாலை பத்து முறை அழுத்தினோம், பத்து காட்டியது. மறுபடி பத்து. மார்லீன் கையைத் தட்டிக்கொண்டார். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று போர்டை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். இந்தக் கதையில் பத்திரம் என்ற சொல் வருகிற கடைசி இடம் இதுதான்.

4

மறுநாள் காலை எட்டு மணிக்கு அண்ணன் வீடியோவில் வந்தார். அங்கே சாயங்காலம். உப்பளத்து மோட்டார் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தார். மழை வரப்போகிற நேரம், அந்த வருட உப்பெல்லாம் வாரி மேட்டில் குவித்து ஓலை போட்டு மூடியாகிவிட்டது. மோட்டாரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். உப்பு வாருகிற பலகைகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன, ஒவ்வொன்றின் நெற்றியிலும் பொட்டு. பைக்குக்குப் பொட்டு. கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, பணம் வந்தால் சத்தம் போட்டுச் சொல்கிற டப்பா, அதற்கும் ஒரு பொட்டு.

"பாத்தியாடா? எல்லாத்துக்கும் வெச்சாச்சி. நீ எதுக்குடா வெச்ச?"

"எனக்கு இன்னிக்கு பரீட்ச ண்ணா."

"அத்த கேக்கல. உன் ஆயுதம் எதுடா? கெடங்குலகூட வேல வுட்டுட்ட. இப்ப உன் தொழிலு இன்னா?"

கேள்வி கொஞ்சம் சுரீரென்றது. சமாளிக்க, போர்டைத் தூக்கிக் கேமராவில் காட்டினேன். "இதான் ண்ணா."

அண்ணன் மூக்கை ஸ்கிரீனில் ஒட்டிப் பார்த்தார். "இன்னாடா, எலிப்பொறியாட்டம் கீது. சரி, அதுக்கு வெச்சியா?"

"இன்னிக்கு ஆயுதத்த தொடக்கூடாதே ண்ணா. பரீட்சையில தொட்டாவணுமே."

"பரீட்ச தொழிலாடா? பரீட்ச பரீட்சதான். வெச்சிட்டு போ. வெக்காத போயிதான் போன வருஷம் கவுந்த."

தர்க்கரீதியாக மறுக்க முடியவில்லை. போன வருடம் நான் உண்மையாகவே எதற்கும் பொட்டு வைக்கவில்லை.

மலர் ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விட்டாள். அவள் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. என் மகள் நிவேதா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. எங்கள் பூஜைகளையெல்லாம், பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு பேசுவதைப் பார்ப்பது மாதிரி, மரியாதையோடு தள்ளி நின்று பார்ப்பவள். சந்தனத்தைக் குழைத்து நீட்டினேன். போனைக் கவிழ்த்து, அதன் பிளாஸ்டிக் உறையின் பின்பக்கத்தில், யார் கண்ணுக்கும் படாத மூலையில், மிளகு அளவுக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள்.

"லேப்டாப்புக்கும் வையிம்மா."

"மூடி மேல வெக்கிறேன்ப்பா. உள்ள இல்ல." வைத்துவிட்டு என் போர்டைப் பார்த்தாள். "அப்பா, அதுக்கு மூடி இல்ல?"

"இல்லம்மா."

"அப்ப?"

அந்த 'அப்ப?'வில் நான் நின்றிருக்க வேண்டும். பஸ் வந்துவிட்டது, அவள் ஓடிவிட்டாள்.

நான் அரைகுறையாக எதையும் செய்வதில்லை. விபூதியைத் தண்ணீரில் குழைத்து, தீக்குச்சியால் சிப்பின் முதுகில் மூன்று பட்டை போட்டேன். கட்டைவிரல் நகம் அகலத்துக்குள் மூன்று பட்டை என்பது லேசான வேலை இல்லை. கொஞ்சம் வழிந்து இரண்டு பக்கமும் சிப்பின் கம்பிக் கால்களுக்கு இடையே இறங்கியது. நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். கற்பூரம் காட்டினால் வீட்டில் புகைமணி அலறும், ஆகவே போனில் இருந்த டார்ச்சைச் சுற்றிக் காட்டினேன். சிப் அம்சமாக இருந்தது. அலுங்காமல் ஒரு சாப்பாட்டு டப்பாவில் வைத்து, மூடியை இறுக்கி அழுத்தி மூடி, நாற்பது நிமிடம் கார் ஓட்டிக் கல்லூரிக்குப் போனேன். காற்றுப் புகாத டப்பா. போட்ட பட்டை போட்ட ஈரத்தோடு அப்படியே வந்து சேர்ந்தது.

5

டப்பாவைத் திறந்ததும் மார்லீன் எட்டிப் பார்த்தார்.

"இன்னாது இது?"

"இன்ஷூரன்ஸ்ங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் ஹார்லன் வந்துவிட்டார். ஒவ்வொரு ஜோடிக்கும் அவர் முன்னால் ஓட்டிக்காட்ட இரண்டு வாய்ப்புகள். முதல் தடவை தவறினால் மதிப்பெண் குறையும், பழுது எங்கே, யாருடைய பகுதியில் என்று தாளில் எழுதுவார். அரை மணி நேரத்தில் சரிசெய்து இரண்டாம் தடவை காட்ட வேண்டும். அதிலும் தவறினால் முடிந்தது.

சுவிட்சைப் போட்டோம். பூஜ்யம் வந்தது. மார்லீன் பொத்தானை அழுத்தக் கையைக் கொண்டுபோனார். அவர் விரல் இன்னும் காற்றில்தான் இருந்தது. டிஸ்பிளே ஒன்று என்றது. பிறகு இரண்டு. மூன்று. ஐந்து. அப்புறம் யாரோ துரத்துகிற மாதிரி பன்னிரண்டு, பத்தொன்பது, முப்பத்தேழு என்று போய்க்கொண்டே இருந்தது. மார்லீன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், தான் எதையும் தொடவில்லை என்று காட்ட.

ஹார்லன் குனிந்து பார்த்தார். "பொத்தான்" என்றார். தாளில் எழுதினார். பழுது: பொத்தான் பகுதி. பொறுப்பு: மார்லீன். போய்விட்டார்.

பொத்தான் பகுதியில்தான் வழக்கமாக இப்படிக் கோளாறு வரும், அவர் மேல் தப்பில்லை. மார்லீன் பொத்தானைச் சுற்றியிருந்த தன் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். எல்லாம் அளவெடுத்து வெட்டி, நிறம் பார்த்து வளைத்துச் செருகியவை. இரண்டு வாரத்து வேலை. பிடுங்கியதையெல்லாம் மேஜையில் குவித்துக்கொண்டே வந்தார்.

"நேத்து ஓடிச்சே தணி. நேத்து ஓடிச்சே" என்று மட்டும் சொன்னார்.

நான் போர்டின் மேல் குனிந்தேன். சூடான எதையும் கண்டால் ஊதுவது என் பழக்கம், டீ ஆனாலும் சரி, பிரச்சினை ஆனாலும் சரி. ஊதினேன். ஓட்டம் பிடித்திருந்த எண் கொஞ்சம் நிதானித்தது. இன்னொரு முறை ஊதினேன். நடந்தது. மூன்றாம் முறை, பட்டைகளின் மேலேயே நீளமாக ஊதினேன். நின்றது. ஊதுவதை நிறுத்தினேன். இரண்டு நொடி கழித்து, தூக்கம் கலைந்த மாதிரி மறுபடி ஒன்று கூடியது.

புரிந்துவிட்டது. ஈர விபூதி சாம்பல். சாம்பல் தண்ணீரில் கரைந்தால் மின்சாரம் போகும். ஓஹையோவில் வந்துதான் தெரிய வேண்டும் என்றில்லை, உப்புத் தண்ணீரில் நின்று மோட்டாரைத் தொட்டு உதறின எவனுக்கும் தெரிந்த விஷயம். சிப்பின் ஒரு காலில் துடித்துக்கொண்டிருந்த துடிப்பு, என் பட்டை வழியாகக் குறுக்கே நடந்து, எண்ணுகிற காலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நானே பாலம் கட்டிக் கொடுத்திருந்தேன்.

இப்போது வெட்கமான பகுதிக்கு வருகிறேன். புரிந்த உடனே நான் வாயைத் திறக்கவில்லை. சுவரில் கடிகாரம் இருந்தது. இன்னும் இருபது நிமிடம். ஆய்வகத்தில் ஏசி ஓடுகிறது. இருபது நிமிடத்தில் பட்டை காய்ந்துவிடும். காய்ந்தால் எண்ணி ஒழுங்காக எண்ணும். மார்லீன் ஒயரைப் புதிதாகச் செருகியதால் சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். இரண்டு பேரும் தேறிவிடுவோம். தாளில் மட்டும் பழுது மார்லீன் பெயரில் நிற்கும். சான்றிதழோடு அந்தத் தாளும் டிப்போவுக்குப் போகும் என்று அவர் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தபிறகும் இரண்டு நிமிடம் சும்மா இருந்தேன். என்னைப் பற்றி இதுவரை சொன்ன கிண்டலெல்லாம் நான் ரசித்துச் சொன்னது. இந்த இரண்டு நிமிடத்தை ரசிக்க முடியவில்லை.

மார்லீன் கடைசி ஒயரைப் பிடுங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். துடைத்தது கண்ணாடியைத்தான் என்று இன்றுவரை நம்ப முயல்கிறேன்.

"மார்லீன், உங்க மேல தப்பு இல்ல. என் பொட்டுதான்."

"இன்னாது?"

"அந்த வெள்ளப் பட்ட. ஈரமா கீது. அதான் எண்ண வெக்குது."

அவர் போர்டைப் பார்த்தார், பிடுங்கிக் குவித்த ஒயர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எப்ப தெரியும்?"

"ரெண்டு நிமிஷம் முன்னாடி."

"மூணு ஒயர் முன்னாடி" என்றார். அவர் நேரத்தை ஒயரில் அளந்துகொண்டிருந்தார்.

கையைத் தூக்கி ஹார்லனைக் கூப்பிட்டேன். ஆயுத பூஜையை ஆங்கிலத்தில், நின்றுகொண்டு, பரீட்சை நேரத்தில் விளக்குவது எவ்வளவு சிரமம் என்று யாரும் கேட்காதீர்கள். வருடத்தில் ஒருநாள் கருவிகளுக்கு நன்றி சொல்வோம் என்றேன். மோட்டார், கத்தரிக்கோல், லாரி, எல்லாவற்றுக்கும் என்றேன். லாரி சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது வரைக்கும் தேவையில்லாமல் போய்விட்டேன். ஹார்லன் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஈரத்தில் எத்தனை ஓம்?"

தெரியாது என்றேன். மீட்டரைக் கொடுத்தார். பட்டையின் ஒரு முனையிலும் மறு முனையிலும் ஊசியை வைத்து அளந்தேன். அவர் குறித்துக்கொண்டார். நான் ஊதினேன். மறுபடி அளந்தேன். எண் ஏறியது. அவர் குறித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்தவரை, மூன்று பட்டை விபூதியின் மின்தடையை மேஜை போட்டு அளந்தது உலகில் நாங்கள் இரண்டு பேர்தான். பிறகு ஸ்பிரிட் நனைத்த பஞ்சை நீட்டி, "சுத்தம் செய்யுங்கள்" என்றார்.

கை வரவில்லை. வைத்த பொட்டை அன்றைக்கே அழிப்பதா? ஊரில் மோட்டாருக்கு வைத்த சந்தனம் தானாக உதிர்கிற வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மார்லீன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒயர்களைத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தார்.

"துடைக்கிறியா, நான் துடைக்கட்டுமா?"

துடைத்தேன். துடைத்த பஞ்சை அப்படியே என் நெற்றியில் வைத்து இழுத்துக்கொண்டேன். அழிக்கவில்லை, இடம் மாற்றிவிட்டேன் என்பது என் கட்சி. ஸ்பிரிட் புருவத்தில் இறங்கிக் கண் எரிந்தது. அது சாமியின் கட்சி.

கண்ணில் நீர் வழிய நான் பக்கத்தில் நிற்க, மார்லீன் கடைசி ஒயரைச் செருகினார். மூன்று நிமிடம் மீதி. ஹார்லன் வந்தார். சுவிட்ச் போட்டோம். பூஜ்யம். எல்லோரும் காத்திருந்தோம். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. ஒரு பூஜ்யத்தை நான் அவ்வளவு அன்போடு பார்த்ததில்லை, என் கணக்கு நோட்டில்கூட. மார்லீன் பத்து முறை அழுத்தினார். பத்து.

ஹார்லன் தாளை எடுத்தார். மார்லீன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். பழுதின் காரணம் என்ற கட்டத்தில் அச்சிட்ட பட்டியல் ஒன்று இருந்தது: தவறான இணைப்பு, பழுதான பாகம், அந்நியப் பொருள். மூன்றாவதில் டிக் அடித்தார். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து என்னைப் பற்றி நிரப்பிய எல்லாப் படிவங்களிலும் இதுதான் துல்லியம். தேறுவதற்கு வேண்டியதைவிட ஒரே ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுத்தார். இருவருக்கும்.

6

மலர் அன்று மாலை என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "தேறிட்டீங்களா, இல்ல வேண்டுதலா?" என்று கேட்டாள். கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. நிவேதா சிரிக்கவில்லை. "நான் 'அப்ப?'னு கேட்டேன்ல" என்றாள், வழக்கறிஞர் மாதிரி.

அங்கே விடிகிற நேரம் பார்த்து அண்ணனுக்குப் போன் போட்டேன். முழுதும் கேட்டார். அவர் மோட்டார் ஷெட்டில் எங்கோ தவளை கத்திக்கொண்டிருந்தது; மழை தொடங்கிவிட்டது போல.

"ஏண்டா, மோட்டாருக்கு எங்கடா பொட்டு வெக்கிறோம்? மேல வெக்கிறோம். உள்ள கீற காயிலு மேலயா வெக்கிறோம்?"

"நீதான ண்ணா வெக்க சொன்ன."

"வெக்க சொன்னன். கொழச்சி ஊத்த சொன்னனா?"

சிரிப்பெல்லாம் அடங்கியதும் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அன்று ஆய்வகத்திலிருந்து வெளியே வரும்போது மார்லீன் என்னோடு பேசவில்லை. வழக்கமாகக் கார் நிறுத்துமிடம் வரைக்கும் சேர்ந்து நடப்போம், முழங்காலைத் திட்டிக்கொண்டே வருவார். அன்று தன் பையை எடுத்துக்கொண்டு முன்னாலேயே போய்விட்டார். செமஸ்டரின் இரண்டாம் பாதிக்கு ஜோடிகளின் பெயரைப் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். ஜோடி இல்லாதவன் ஆய்வகத்தில் உட்கார முடியாது. பாதிப் பரீட்சை தேறினது வீண், மறுபடி லேபிள்தான். ஆனால் நேர்மையாகச் சொன்னால் எனக்கு லேபிள் பயம்கூட இரண்டாவதாகத்தான் இருந்தது. அவர் பிடுங்கிக் குவித்த ஒயர்கள்தான் கண்ணில் நின்றன. நம்பி உட்கார்ந்த மனுஷியைக் கடைசி மூன்று ஒயர் நேரம் வேடிக்கை பார்த்தவன் நான்.

பெயர் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தைய நாள், உட்கார்ந்து மார்லீனுக்கு ஒரு செய்தி எழுதினேன். பிளஸ் டூ விடுப்பு விண்ணப்பத்துக்குப் பிறகு நான் ஆங்கிலத்தில் எழுதிய மிக நீளமான கடிதம் அது. மன்னிப்புக் கேட்டேன். எதற்கெல்லாம் கேட்கிறேன் என்று வரிசையாக எழுதினேன். விபூதி எப்படிச் செய்கிறார்கள் என்று விளக்கினேன். என் அண்ணன் சொன்னதை எழுதினேன். இரண்டு நிமிடம் சும்மா இருந்ததுதான் பெரிய தப்பு, பொட்டு வைத்தது சின்னத் தப்பு என்று எழுதினேன். திரும்பவும் மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு முறை ஜோடியாக இருப்பீர்களா என்று கேட்டு, இல்லை என்றாலும் வருத்தப்பட மாட்டேன் என்று பொய்யும் சொன்னேன்.

நிவேதா தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள். "அப்பா, ஸாரி பதினோரு வாட்டி வருது."

"கம்மியாம்மா?"

"ஒண்ணு போதும். நான் வெட்டித் தரேன், குடு."

"வேணாம்மா. பதினொண்ணும் வேணும்."

அவள் என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டில் என்னோடு இருக்கும்போது காதில் மாட்டியிருக்கும் அந்த வெள்ளைப் பட்டன் இரண்டையும் கழற்றி மேஜையில் வைத்தாள். நான் அனுப்பினேன். இருவரும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். படித்துவிட்டார் என்று காட்டியது. பதில் எழுதுகிறார் என்று காட்டுகிற மூன்று புள்ளி தோன்றியது. மறைந்தது. மறுபடி தோன்றியது. மறுபடி மறைந்தது. நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டு, குடிக்காமல் வந்தேன்.

மார்லீனிடமிருந்து ஒரே வரி வந்தது.

"சரி, ஆனா இனிமே போர்டு என் வீட்லதான் இருக்கும்."